தண்ணீர் நிற்காத அணை எதற்கு?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில் பிக்கரிங் என்ற சிறிய ஊருக்குப் போயிருக்கிறீர்கள். ஊருக்கு மேலே, ஓடை இறங்கி வரும் பள்ளத்தாக்கில், புல் முளைத்த ஒரு மண் கரையைக் காட்டி "வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றக் கட்டியது" என்றிருக்கிறார்கள். கரைக்கு உள்பக்கம் தண்ணீரே இல்லை. வெறும் புல்வெளி, நடுவில் ஓடை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரே நிற்காத அணை வெள்ளத்தை எப்படித் தடுக்கும்? 1,20,000 கன மீட்டர் கொள்ளும் என்கிறார்களே, அது பெரிய அளவா? உடைந்தால் கீழே இருக்கும் ஊர் என்ன ஆகும்? நம் ஏரிகளை இப்படிப் பயன்படுத்த முடியாதா? இவைதான் உங்கள் கேள்விகள்.

ஏரிக்கரை வேலைகளில் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்தவை. நம் ஊரில் காலி ஏரி என்றால் மனசு கனக்கும். கரை ஏறிப் பார்க்கும்போது தண்ணீர் தளும்ப வேண்டும், உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிய வேண்டும், அப்போதுதான் ஊருக்குச் சந்தோஷம். பிக்கரிங்கில் நீங்கள் பார்த்த கரைக்கு இது அப்படியே தலைகீழ். அது காலியாக இருக்கும்வரைதான் பயன். வருடத்தில் 360 நாள் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்து, மீதி சில மணி நேரத்துக்காகக் காத்திருக்கும் இடம் அது. அந்தக் காலி இடத்தைத்தான் பணம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதை ஓடையின் குறுக்கே உண்டாக்கித் தரும் சுவர்தான் கரை.

ஊரின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பிக்கரிங் பெக் என்ற ஓடை ஊருக்கு நடுவே ஓடுகிறது. அந்தப் பக்கத்துப் பேச்சில் பெக் என்றால் ஓடை. வடக்கே இருக்கும் மேட்டு நிலத்தில் பெய்யும் மழை, நியூட்டன்டேல் என்ற ஆழமான பள்ளத்தாக்கு வழியாக இறங்கி ஊருக்குள் வந்துவிடும். நீர்பிடிப்புப் பரப்பு சுமார் 69 சதுர கிலோமீட்டர்தான், அதனால் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையில் அதிக நேரம் கிடைக்காது. 1999, 2000, 2002, 2007 என்று அடுத்தடுத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஊருக்குள் ஓடையின் இருபுறமும் சுவர் எழுப்பலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஆனால் காப்பாற்றப்படும் வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் செலவு அதிகம் என்று அரசின் கணக்கில் அது நிற்கவில்லை. சிறிய ஊர்களுக்கு எப்போதும் நடப்பதுதான் இது. பெரிய நகரத்துக்குச் சுவர் கட்டினால் ஒரு மீட்டருக்கு இத்தனை வீடு என்று கணக்குக் காட்டலாம். சிறிய ஊரில் அந்தக் கணக்கு எப்போதும் தோற்கும்.

சுவருக்குப் பணம் இல்லை என்றானபின், 2009இல் வேறு ஒரு வழி தொடங்கியது. வனத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு முன்னே நிற்க, சுற்றுச்சூழல் முகமை, தேசியப் பூங்கா நிர்வாகம், டர்ஹம் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்தன. தண்ணீரை ஊருக்குள் தடுப்பதற்குப் பதிலாக, மேலேயே மெதுவாக வரவைப்பது என்று முடிவு. சிற்றோடைகளில் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டார்கள். மேட்டு நிலத்து வாய்க்கால்களில் புதர்ச்செடிக் கட்டுகளை அடைத்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கான சின்னத் தடுப்புகள். ஓடைக் கரைகளில் மரம் நட்டார்கள். கடைசியாக, ஊருக்கு மேலே, 2015 செப்டம்பரில் நீங்கள் பார்த்த மண் கரை முடிந்தது.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? கரையின் அடியில் ஓடை போவதற்குக் கான்கிரீட்டில் ஒரு வழி விட்டிருப்பார்கள். நம் மதகு மாதிரி, ஆனால் கதவு கிடையாது. சாதாரண நாளில் ஓடை முழுவதும் அதன் வழியே தடையில்லாமல் போய்விடும். பெருமழை பெய்தால் வரத்து கூடும். அந்த வழியோ ஓரளவுக்கு மேல் விடாது. விட முடியாத மிச்சம் கரைக்குப் பின்னால் ஏறும், புல்வெளி மூழ்கும். மழை விட்டு வரத்து குறைந்ததும், தேங்கியது அதே வழியில் மெதுவாக வடிந்துவிடும். யாரும் எதையும் திறக்கவும் மூடவும் வேண்டாம்.

இதில் நுட்பம் அந்தத் துளையின் அளவில்தான் இருக்கிறது. சிறிதாக வைத்தால், சும்மா பெய்யும் மழைக்கே தண்ணீர் தேங்கி, பெரிய வெள்ளம் வரும்போது இடம் இருக்காது. பெரிதாக வைத்தால், வெள்ளம் முழுவதும் ஊருக்குப் போய்விடும், கரை சும்மா நிற்கும். ஊருக்குள் ஓடை கரை மீறாமல் எவ்வளவு தாங்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவை விட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பின்னால் தண்ணீர் ஏற ஏற, துளையின் வழியே வேகமும் கூடும்; ஆனால் நான்கு மடங்கு ஆழத்துக்கு இரண்டு மடங்கு வேகம்தான். தண்ணீர் மட்டம் மாறும் அளவுக்கு வெளியே போவது மாறாது என்பதால்தான், கதவே இல்லாத துளை இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது.

இனி 1,20,000 கன மீட்டர். 12 கோடி லிட்டர் அது. சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 10,000 லாரி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் இதே அளவை நீர்பிடிப்புப் பரப்பில் பரப்பிப் பாருங்கள். 69 சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 69,000 கன மீட்டர். அப்படியானால் அந்த அணை முழுவதும் நிரம்பினாலும் அது பிடித்து வைப்பது 1.7 மில்லிமீட்டர் மழை. 50 மில்லிமீட்டர் பெய்தால் நிலத்தில் விழும் தண்ணீரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் அது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, இது ஏமாற்று வேலை என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளத்தை ஒரு மலை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நேரம் போகப் போக ஓடையின் வரத்து ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, இறங்குகிறது. அந்த மலையின் பெரும்பகுதி ஊருக்கு ஒன்றும் செய்யாது, ஓடைக்குள்ளேயே போய்விடும். வீட்டுக்குள் வருவது உச்சியில் இருக்கும் சிறு முடி மட்டும்தான். கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், இவை பிக்கரிங்கின் அளவுகள் இல்லை. ஊருக்குள் ஓடை விநாடிக்கு 15 கன மீட்டர் தாங்கும், வெள்ளத்தின் உச்சம் 20, வரத்து 15ஐத் தாண்டி மறுபடி அதற்குக் கீழே வர 10 மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். அந்த முடி ஒரு முக்கோணம். அதன் கொள்ளளவு, 5ஐயும் 36,000 விநாடிகளையும் பெருக்கிப் பாதியாக்கினால் 90,000 கன மீட்டர். அவ்வளவுதான். மொத்த வெள்ளத்தில் லட்சக்கணக்கான கன மீட்டர் ஓடியிருக்கும், ஆனால் ஊரை நனைப்பதற்கும் நனைக்காமல் போவதற்கும் நடுவில் இருப்பது இந்த 90,000தான். அதை ஒரு சின்ன மண் கரை பிடித்து வைக்க முடியும்.

நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக வெட்ட முடியாது. வரத்து 15ஐத் தொடுவதற்கு முன்பே துளைக்குப் பின்னால் தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும். உச்சம் வருவதற்குள் இடத்தில் ஒரு பங்கு வீணாகியிருக்கும். அதனால் கணக்கில் வருவதைவிடக் கூடுதல் கொள்ளளவு வைத்துத்தான் கட்டுவார்கள்.

கதவு ஏன் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1913 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோவில் கிரேட் மியாமி ஆறு பெருகி டேட்டன் நகரத்தை மூழ்கடித்தது. அந்தப் பள்ளத்தாக்கில் 360க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர் மக்கள் தாங்களே பணம் திரட்டினார்கள், ஆர்தர் மோர்கன் என்ற பொறியாளரை அழைத்தார்கள். அவர் ஐந்து மண் அணைகளைத் திட்டமிட்டார். 1922இல் வேலை முடிந்தது. ஐந்திலும் கதவு கிடையாது. கான்கிரீட்டில் நிரந்தரமான துளைகள் மட்டும். 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் பெரிய வெள்ளத்தைத் தாங்கும்படி கணக்கிட்டார்கள். அணைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் இன்றும் விவசாயம் நடக்கிறது. நூறு வருடத்தில் 2,000 தடவைக்கு மேல் அவை வெள்ளத்தைத் தேக்கி வடித்திருக்கின்றன. அவை பெரிய அணைகள், பிக்கரிங் அவற்றின் முன் ஒரு வரப்பு மாதிரி. ஆனால் யோசனை ஒன்றேதான். கதவு வைத்தால் அதைத் திறக்க ஒருவர் இருக்க வேண்டும், அவருக்குச் சரியான தகவல் வர வேண்டும், நடுராத்திரியில் மின்சாரம் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வெயில் காலத்தில் "கொஞ்சம் தண்ணீர் தேக்கி வைத்தால் என்ன, படகு விடலாமே" என்று கேட்பவர்களிடம் மறுத்துச் சொல்லும் துணிவு அவருக்கு இருக்க வேண்டும். துளையிடம் யாரும் போய்ச் சிபாரிசு பேச முடியாது.

கரை முடிந்து மூன்று மாதத்தில் பிக்கரிங்குக்குச் சோதனை வந்தது. 2015 கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், வடக்கு இங்கிலாந்து முழுவதும் மழை. யார்க் நகரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் போனது. லீட்ஸ், ஹெப்டன் பிரிட்ஜ் எல்லாம் மூழ்கின. பிக்கரிங்கில் ஒன்றரை நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தது, ஊர் நனையவில்லை. திட்டக் குழு பிறகு கணக்கிட்டதில், ஓடையின் உச்ச வரத்து 15 முதல் 20 சதவீதம்வரை குறைந்திருந்தது. அதில் கிட்டத்தட்டப் பாதி மண் கரையால், மீதிப் பாதி மேலே செய்த கட்டைத் தடுப்புகளாலும் மற்ற வேலைகளாலும். செய்தித்தாள்கள் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடின.

நானும் மகிழ்ந்தேன். ஆனால் இரண்டு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிக்கரிங்கில் பெய்த மழை, மேற்கே ஹெப்டன் பிரிட்ஜ் இருக்கும் கால்டர் பள்ளத்தாக்கில் பெய்ததைவிடக் குறைவு. ஹெப்டன் பிரிட்ஜ் மூழ்கியது, பிக்கரிங் மூழ்கவில்லை என்று நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயம் இல்லை. அடுத்து, இந்தத் திட்டத்தின் குறிக்கோளே அளவானது. எந்த ஒரு வருடத்திலும் ஊர் நனைய 25 சதவீதம் வாய்ப்பு இருந்ததை 4 சதவீதமாகக் குறைப்பதுதான் அது. நான்கு வருடத்துக்கு ஒரு முறை வந்தது, இனிச் சராசரியாக 25 வருடத்துக்கு ஒரு முறை வரும். வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை. அறையில் ஈரம் காய்வதற்குள் அடுத்த வெள்ளம் வந்த குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை வெள்ளம் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த மாதிரி அணை கைவிடும் நேரங்களும் உண்டு. வெள்ளம் மிகப் பெரிதாக வந்தால், உச்சம் வருவதற்கு முன்பே அணை நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருவது உபரி வழியில் அப்படியே கீழே போகும், அணை இருந்தும் இல்லாததுபோல். ஒரு மழை முடிந்து தேங்கியது வடிவதற்குள் அடுத்த மழை வந்தாலும் இதே கதை. அதனால்தான் ஓரிரு நாளில் காலியாகும்படி வைப்பார்கள். அப்புறம் நேரக்கணக்கு. கீழே இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில், முன்பெல்லாம் ஒன்றின் உச்சம் போன பிறகு மற்றதன் உச்சம் வந்திருக்கும். முதல் ஓடையில் அணை கட்டித் தாமதப்படுத்தினால், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடலாம். நல்லது செய்யப் போய்க் கெடுதலாகிவிடும். மேலே கரை கட்டலாமா என்று கேட்கும் ஒவ்வொரு ஊரும் முதலில் பார்க்க வேண்டியது இதை. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இந்தக் கணக்குதான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உடைந்தால்? கேட்க வேண்டிய கேள்விதான். வெள்ளத்தைக் குறைக்கக் கட்டிய கரை உடைந்தால், மணிக்கணக்கில் வர வேண்டிய தண்ணீர் நிமிடங்களில் வரும். யார்க்ஷயருக்கு இது புதிது இல்லை. ஷெஃபீல்டுக்கு மேலே டேல் டைக் என்ற மண் அணை, 1864 மார்ச் 11 இரவில், முதல் முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோதே உடைந்தது. அன்று சாயங்காலமே கரையில் ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார்கள். நடுராத்திரியில் 240க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

மண் அணைக்கு முதல் நிரப்பல்தான் பெரிய கண்டம் என்று வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். எப்போதும் தண்ணீர் இருக்கும் ஏரியில், கரையோடு தண்ணீருக்குப் பழக்கம் ஆகிவிடுகிறது. கசிவு இருந்தால் கண்ணில் படும், கரை ஈரமாகவே இருக்கும், மாற்றம் மெதுவாக வரும். காலி அணைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெயிலில் காய்கிறது, களிமண் வெடிக்கிறது, அந்த வெடிப்பு புல்லுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. எலியும் முயலும் வளை தோண்டுகின்றன. பத்து வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு ராத்திரி, சில மணி நேரத்தில், தண்ணீர் கரையின் மேல்மட்டம்வரை ஏறுகிறது. அந்தக் கரைக்கு ஒவ்வொரு பெரிய வெள்ளமும் முதல் நிரப்பல்தான். சிறிய காலி அணைகளைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே உண்மையான கவலை இது. "தண்ணீரே இல்லையே, இதில் என்ன ஆபத்து" என்று நினைக்கும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

மண் கரை உடைவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, தண்ணீர் மேலே ஏறி வழிவது. வெளிச்சரிவில் ஓடும் தண்ணீர் மண்ணை அரித்து, கீழிருந்து மேலாகப் பள்ளம் வெட்டிக்கொண்டே வரும். அதைத் தவிர்க்கத்தான் நம் ஏரிக்குக் கலிங்கு போல இதற்கும் ஓர் உபரி வழி. கரை மேல்மட்டத்தைவிடத் தாழ்வாக, அகலமாக, அரிப்பு தாங்கும்படி செய்திருப்பார்கள். கிராமப்புறச் சிறு அணைகளில் நல்ல அடர்த்தியான புல்லே போதுமானதாக இருக்கலாம். அந்த வழியில் வேலி போடுவது, வைக்கோல் கட்டுகளை அடுக்குவது, மரம் நடுவது எல்லாம் கலிங்கை அடைப்பதற்குச் சமம்.

உபரி வழி இருந்தும் கைவிட்ட கதை ஒன்றும் இங்கிலாந்தில் உண்டு. 2019 ஆகஸ்ட் 1, வேலி பிரிட்ஜ் என்ற ஊருக்கு மேலே டாட்புரூக் என்ற பழைய மண் அணை. மழையில் தண்ணீர் துணை உபரி வழியில் இறங்கியபோது, கான்கிரீட் பலகைகள் உடைந்து, அடியில் இருந்த மண் அரித்துப் போனது. சுமார் 1,500 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். ஹெலிகாப்டரில் கல் மூட்டைகளைக் கொண்டுவந்து அந்தக் குழியில் போட்டார்கள், கரை நின்றது. பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் தண்ணீர் புகுந்து அடியில் ஓடியதுதான் கேடு. வடிவமைப்பிலும் குறை, பராமரிப்பிலும் குறை என்று பின்னர் விசாரணை சொன்னது.

இரண்டாவது வழி உள்ளரிப்பு. கரைக்குள் எங்கோ ஒரு சின்னப் பாதை கிடைத்து, தண்ணீர் மண் துகளைச் சுமந்துகொண்டு வெளியே வரும். பாதை பெரிதாகும், வேகம் கூடும், மேலும் மண் போகும். கசிவு இருப்பது மட்டுமே பயம் இல்லை. எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று பாருங்கள். கலங்கி வந்தால் கரை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது.

இந்த அரிப்பு அதிகமாகத் தொடங்கும் இடம், கான்கிரீட்டும் மண்ணும் தொட்டுக்கொள்ளும் இடம். அதாவது, அந்தத் துளையைச் சுற்றித்தான். மண்ணை இறுக்கும் உருளை ஏறி மிதிக்க முடியாத மூலை அது, ஓடை போகும் குழாயின் அடிப்பக்கம் மண் சரியாக இறுகியிருக்காது. முன்பெல்லாம் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைப்பார்கள். அந்த வளையங்களுக்கு இடையிலும் மண் இறுகுவதில்லை என்று தெரிந்தபின், இப்போது குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்கிறார்கள். தண்ணீர் கசியட்டும், மண் வராமல் இருந்தால் போதும் என்பது அதன் நோக்கம்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. களிமண் எல்லாம் ஒன்று இல்லை. சில களிமண் தண்ணீரில் பட்டதும் பால் மாதிரி கலங்கிக் கரையும். ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, சுண்டைக்காய் அளவு கட்டியைப் போட்டு, தொடாமல் வைத்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்து அடியில் உட்கார்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரிய கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி கலங்கல் பரவினால் அந்த மண்ணில் கரை கட்ட ரொம்ப யோசிக்க வேண்டும். ஆய்வகச் சோதனைக்கு இது மாற்று இல்லை, ஆனால் கெட்ட மண்ணை வாசலிலேயே காட்டிக்கொடுக்கும். பிறகு கட்டும் முறை. அடியில் மேல்மண்ணையும் வேரையும் எடுத்துவிட்டு, கசியாத அடிமண் வரும்வரை அகழி தோண்டி, நல்ல களிமண்ணால் நிரப்பி, அதன் மேல் 15, 20 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகப் போட்டு, சரியான ஈரத்தில் உருளை ஓட்ட வேண்டும். காய்ந்த மண்ணை லாரியில் கொட்டி, பொக்லைனால் தட்டிவிட்டால் பார்க்கக் கரை மாதிரிதான் இருக்கும். வெள்ளம் வரும்வரை.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1975ஆம் வருடச் சட்டப்படி, இயற்கையான நில மட்டத்துக்கு மேலே 25,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தேக்கக்கூடிய எதுவும் பெரிய நீர்த்தேக்கம். எப்போதும் காலியாக இருப்பதும் அதில் சேர்த்தி. பிக்கரிங் கரை அந்த எல்லையைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, அதனால் தகுதி பெற்ற பொறியாளரின் வடிவமைப்பு, தொடர்ந்த மேற்பார்வை, குறைந்தது பத்து வருடத்துக்கு ஒரு முறை முழு ஆய்வு எல்லாம் கட்டாயம். வேல்ஸில் அந்த எல்லையை 10,000 ஆகவே இறக்கிவிட்டார்கள். இதனால் செலவு ஏறும், சிறிய ஊருக்கு வலிக்கும், ஆனாலும் நான் இந்தச் சட்டத்தின் பக்கம்தான்.

ஏன் என்றால், அணை சிறியது என்பது கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1948இல் கார்டெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிளவுட் கிரீக் என்ற ஓடையில் ஒரு சிறிய மண் அணை கட்டினார்கள். பண்ணை நிலத்தை வெள்ளத்திலிருந்து காக்க, அந்த நாட்டின் அரசுத் திட்டத்தில் வந்த முதல் அணை அது. இதே வாஷிட்டா ஆற்றுப் பகுதியில் 1934இல் வெள்ளம் வந்து ஹேமன் என்ற ஊரில் 17 பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் 11,000க்கும் மேல் இப்படிக் கட்டினார்கள், ஓக்லஹோமாவில் மட்டும் 2,000க்கும் மேல். அடியில் வண்டல் தங்க ஓரளவு இடம், அதற்கு மேலே வெள்ளத்துக்கான காலி இடம், பலவற்றுக்கு ஐம்பது வருட ஆயுள் என்று கணக்கு. கட்டியபோது கீழே கோதுமை வயல். இப்போது பல இடங்களில் வீடுகள். வெள்ளம் குறைந்தது என்பதாலேயே மக்கள் ஓடையோரம் குடியேறினார்கள். வயலுக்கு என்று கட்டிய கரை, தன்னை அறியாமலே குடும்பங்களுக்குப் பொறுப்பாகிவிட்டது. 2000இல் தனிச் சட்டம் போட்டு இவற்றைப் பலப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள், இன்னும் முடியவில்லை. பிக்கரிங்கிலும் கரையைப் பார்த்துவிட்டு யாராவது ஓடையோரம் புது வீடு கட்ட அனுமதி கேட்டால், ஊர் மறுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கடைசிக் கேள்வி, நம் ஏரிகள். அவை பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டியவை. நிரப்புவதுதான் அவற்றின் வேலை. வெள்ளத்துக்கு இடம் விடுவது அதற்கு நேர் எதிர் வேலை, ஒரே ஏரியில் இரண்டையும் முழுதாகச் செய்ய முடியாது. பிக்கரிங் தப்பித்த அதே 2015 டிசம்பரில், மாதத்தின் முதல் நாளில், செம்பரம்பாக்கத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி. பிக்கரிங் கரை கொள்வது அதே கணக்கில் 4 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். சென்னையின் குடிநீர் என்பதால் ஏரியை நிரப்பி வைத்திருந்தார்கள்; பெருமழை வந்தபோது உள்ளே இடம் இல்லை, அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்க வேண்டியதாயிற்று. யார் எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கு அதில் தெரிவது, வெள்ளத்துக்கு என்று ஒதுக்கிய காலி இடம் அந்த ஆற்றில் எங்கும் இல்லை என்பதுதான். இருந்த காலி இடங்களில், ஓடையோரப் புறம்போக்கிலும், தாங்கல் என்னும் சிறு ஏரிகளிலும், நாம் வீடு கட்டிவிட்டோம்.

ஆனாலும் நம் ஏரிகள் வெள்ளத்துக்கு ஒன்றும் செய்யாதவை இல்லை. நிரம்பிய ஏரியிலும், கலிங்கு வழியத் தண்ணீர் மட்டம் ஓர் அடி, ஒன்றரை அடி ஏற வேண்டும். அகலமான ஏரியில் அந்த ஓர் அடி ஏற நிறைய தண்ணீர் வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும் ஏரித்தொடரில் இந்தத் தாமதம் ஒவ்வோர் ஏரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அதே தொடரில் மேல் ஏரி உடைப்பெடுத்தால், அந்தத் தண்ணீர் கீழ் ஏரிகளையும் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போகும் என்பதும் உண்மை. நம் ஊரில் இதுபோல ஒரு காலி அணை வேண்டும் என்றால், ஏரியை மாற்றாமல், ஏரிக்கு மேலே, ஓடையோர மேய்ச்சல் நிலத்தில் இடம் தேடுவதுதான் சரி. வருடம் முழுவதும் அங்கே மாடு மேயலாம், வெள்ளம் வந்தால் ஒரு நாள் மூழ்கும். நில உரிமையாளருக்கு அந்த ஒரு நாளுக்கான இழப்பீட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இது நடக்கக்கூடிய விஷயம் என்று நான் மனதார நம்புகிறேன். கட்டினால், அந்தக் காலி இடத்தில் ஒரு குடிசைகூட வராமல் பார்த்துக்கொள்ள ஊரே காவல் நிற்க வேண்டியிருக்கும். கரை கட்டுவதைவிட அதுதான் கடினம்.

அடுத்த முறை பிக்கரிங் போனால் கரையின் உயரத்தைப் பார்க்காதீர்கள். ஓடை வெளியே வரும் வாய்க்குப் போங்கள். உள்பக்க வாயில் கிளையும் குப்பையும் அடைத்திருக்கிறதா, வெளிப்பக்கம் கான்கிரீட் ஓரத்தில் மண் ஈரமாக இருக்கிறதா, வரும் தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பாருங்கள். கரை மேலே நடந்து, எங்காவது தாழ்ந்திருக்கிறதா, வளை இருக்கிறதா, புல் கருகி வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். மழைக்கு அடுத்த நாள் போனால் இன்னும் நல்லது. உள்பக்கப் புல்லில் ஒட்டியிருக்கும் சருகுக் கோடு, தண்ணீர் எதுவரை ஏறியது என்று காட்டும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.